ஏஐ தேடித் தந்த வழக்கு, நாம் போடும் கையெழுத்து

12 ஜூலை 2025, சனி இரவு

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஆர்ட்டிகிள்ஸ் (வக்கீலாகும் முன் ஒரு அலுவலகத்தில் எடுக்கும் பயிற்சி) செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார், அவர் எழுதியபடியே போடுகிறேன். பிரின்சிபல் என்றால் பயிற்சி தரும் மூத்த வக்கீல், ஹெட்ஸ் என்றால் நீதிமன்றத்தில் கொடுக்கும் எழுத்து வாதம், சாஃப்லீ என்றால் தீர்ப்புகளைத் தேடும் இணையதளம்:

"அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரின்சிபல் கூப்பிட்டு, திங்கள் காலை ஹெட்ஸ் என் மேசையில் இருக்கணும் என்றார். ஏஐ-யிடம் கேட்டேன். அரை மணி நேரத்தில் பதினோரு பக்கம், எட்டு வழக்கு. படிக்க நன்றாகவே இருக்கிறது. சாஃப்லீயில் தேடினால் ஐந்து கிடைக்கிறது, மூன்று கிடைக்கவில்லை. பழைய தீர்ப்பாக இருக்கும் என்று விட்டுவிடலாமா? எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்."

விடக்கூடாது தம்பி. அந்த மூன்றையும் இந்த ராத்திரியே வெட்டிவிடுங்கள். திங்கள் காலை பிரின்சிபல் ஏன் ஐந்துதான் என்று கேட்டால் கேட்கட்டும்.

உங்கள் ஊர் உயர் நீதிமன்றத்தில்தான் இந்த வருடம் ஜனவரி 8-ம் தேதி நீதிபதி பெசெய்டன்ஹவுட் இதே விஷயத்தில் ஒரு தீர்ப்பைக் கொடுத்தார். மாவுண்ட்லா வழக்கு. உம்வோட்டி நகராட்சி விவகாரம், மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்ட மனு. ஆதாரமாகக் காட்டியது ஒன்பது வழக்கு. தேடிப் பார்த்ததில் உண்மையாக இருந்தவை இரண்டே இரண்டு, அதிலும் ஒன்றின் எண் தப்பு. நகல் கொண்டு வாருங்கள் என்று நீதிபதி கேட்டார், கொண்டு வர முடியவில்லை. முடிவில் தீர்ப்பு, வக்கீல்களைக் கண்காணிக்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலுக்குப் போயிற்று. இதற்காகவே கூடுதலாக நீதிமன்றம் வர நேர்ந்த நாட்களின் செலவை மனுவைத் தாக்கல் செய்த வக்கீல் அலுவலகமே தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்றும் உத்தரவு. அந்த மனுவை எழுதியது உங்களைப் போல ஆர்ட்டிகிள்ஸ் செய்துகொண்டிருந்த ஒரு பெண். தப்பெல்லாம் அந்தப் பெண்ணின் மேல்தான் போய் விழுந்தது என்பதுதான் எனக்கு வருத்தம்.

நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து டர்பன் வந்து, ஒரு அட்டர்னி அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டே யுனிசா தபால்வழிப் பல்கலைக்கழகத்தில் ராத்திரி ராத்திரியாகப் படித்து, அப்புறம் ஆர்ட்டிகிள்ஸ். பிரின்சிபலிடம் போய் "கிடைக்கவில்லை சார்" என்று சொல்ல எவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போய்ச் சொல்லுங்கள்.

13 ஜூலை, காலை

ராத்திரி தூக்கத்தில் இதே யோசனை. "ஆர்ட்டிகிள்ஸ் முடியும் வரை ஏஐ பக்கமே போகாதீர்கள்" என்று எழுதலாமா என்று நினைத்தேன். இப்போதைக்கு அப்படித்தான் தோன்றுகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்: போகாதீர்கள்.

ஏன் இல்லாத வழக்கை அது சொல்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அது வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துவிட்டு, இந்த வார்த்தைக்கு அடுத்து எந்த வார்த்தை வரப் பொருத்தம் என்று கணக்குப் போட்டு எழுதும் எந்திரம் அது. நம் ஊர் வழக்கு எண் எப்படி இருக்கும்? வருடம், அடைப்புக்குள் தொகுதி எண், எஸ்.ஏ. (தென்னாப்பிரிக்கத் தீர்ப்புத் தொகுப்பின் பெயர்), பக்கம், மறுபடி அடைப்புக்குள் நீதிமன்றத்தின் எழுத்துகள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றால் கே.இசட்.பி., டர்பன் என்றால் கே.இசட்.டி. இந்த வடிவம் அதற்கு மனப்பாடம். அந்த அச்சில் ஒரு பெயரையும் ஒரு எண்ணையும் ஊற்றினால் பார்வைக்கு அசல் வழக்கு. அப்படி ஒரு தீர்ப்பை யாராவது எழுதினார்களா என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அதனால்தான் "இந்த வழக்கு உண்மையா?" என்று அதனிடமே திரும்பக் கேட்பதில் பிரயோஜனமில்லை. மாவுண்ட்லா வழக்கில் நீதிபதியே சாட்ஜிபிடியிடம் ஒரு வழக்கைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார். ஆமாம், இருக்கிறது என்று அது சொன்னது. அப்படி ஒரு வழக்கே இல்லை. திருடனைத் திருடனிடமே விசாரிப்பது மாதிரி என்று எழுத வந்தேன், அந்த உவமை சரியில்லை. திருடனுக்குத் தான் எடுத்தது தெரியும்.

13 ஜூலை, மதியம்

ஒரு திருத்தம். நேற்று நினைவிலிருந்து எழுதினேன், இன்றைக்குத் தீர்ப்பை மறுபடி முதலிலிருந்து படித்தேன். "தப்பெல்லாம் அந்தப் பெண்ணின் மேல்தான் விழுந்தது" என்றது என் கோபத்தில் வந்த வார்த்தை, அதை எடுத்துக்கொள்கிறேன். சரிபார்க்காமல் தாக்கல் செய்த அலுவலகத்தையும், படிக்காமல் அதை நம்பி எழுந்து நின்று வாதாடியவரையும் நீதிபதி விட்டுவிடவில்லை. பயிற்சியில் இருப்பவரின் வேலையைப் பார்த்துக் கொடுப்பது மேலே இருப்பவரின் கடமை.

பிரின்சிபல்மார்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டுத் திங்கள் காலை கேட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

17 ஜூலை

"சாட்ஜிபிடி பொதுவான சாமான், சட்டத்துக்கென்றே செய்த ஏஐ இப்படிப் பண்ணாது" என்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். உங்கள் ஊரிலேயே போன மாதம் 30-ம் தேதி தீர்ப்பு வந்திருக்கிறது ஐயா, நார்த்பவுண்ட் வழக்கு, தற்காலிக நீதிபதி ஸ்மிட். அங்கே ஹெட்ஸ் எழுத உதவியது தென்னாப்பிரிக்கத் தீர்ப்புகளையும் சட்டங்களையும் மட்டுமே வைத்துப் பயிற்றுவித்தது என்று சொல்லிக்கொண்ட ஒரு கருவி. அதிலும் இல்லாத வழக்குகள் வந்தன. நேர நெருக்கடி, ஏமாற்றும் எண்ணமில்லை என்று மன்னிப்புக் கேட்டார்கள். அப்படியும் கவுன்சிலுக்குப் போனது.

இது புதுசும் இல்லை. 2023 ஜூனில் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா, 5,000 டாலர் அபராதம். அதே மாதக் கடைசியில் ஜோகன்னஸ்பர்க்கில் பார்க்கர் வழக்கு. ஒரு பாடி கார்ப்பரேட் (குடியிருப்பு உரிமையாளர் சங்கம்) மேல் அவதூறு வழக்குப் போட முடியுமா என்பது கேள்வி. ஒரு பக்கத்து அட்டர்னிகள் ஏஐ தந்த பட்டியலை எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், எதிர்ப்பக்கத்தார் எவ்வளவோ தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. மாஜிஸ்திரேட் சைத்ராம் அதில் எழுதியதன் சாரம்: புதுத் தொழில்நுட்பத்தோடு பழைய பாணியில் உட்கார்ந்து நாமே படிப்பதையும் கொஞ்சம் கலக்க வேண்டும். அந்த வீண் தேடலின் மணிகளை நினைத்துப் பாருங்கள், அதற்கெல்லாம் பில் போட்டால் கட்டப்போவது ஏதோ ஒரு கட்சிக்காரர்தானே.

26 ஜூலை, சனி

ஆடி மாதம், இங்கே வாரக் கடைசியானால் ஏதாவது ஒரு மாரியம்மன் கோயிலில் கூழ். இன்றைக்கும் போயிருந்தேன். கூழ்ப் பாத்திரத்தோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.

கல்யாணம் 1998-ல், கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடி, சாப்பாடு போட்டு நடந்தது. ஹோம் அஃபேர்ஸ் அரசு அலுவலகத்தில் பதியவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டது, விட்டதுதான். கணவர் போன வருடம் தவறிவிட்டார், உயில் இல்லை. பிள்ளைகள் இரண்டு, மாமியார் இருக்கிறார். குடும்பத்தில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த மருமகள் ஒருத்தி, கெட்டிக்காரப் பெண், ஏஐ-யிடம் தமிழில் கேட்டிருக்கிறாள். அது அருமையான தமிழில் பதில் சொன்னது: 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாயார் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள், சமபங்கு, தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கவும்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் தாசில்தாருக்கு எங்கே போவது! தமிழில் கேட்டால் கேட்பவர் இந்தியாவில் இருக்கிறார் என்று அதுவாகவே எடுத்துக்கொள்கிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் வந்து இறங்கியதிலிருந்து இங்கே தமிழர் இருக்கிறோம், நம் அரசியல் சட்டத்தின் 6-ம் பிரிவிலேயே தமிழின் பெயர் இருக்கிறது, ஆனாலும் தமிழில் கேட்டால் இந்தியச் சட்டம்தான் வருகிறது. அந்தப் பதில் இந்தியாவுக்குச் சரியானது, அதனால்தான் இன்னும் ஆபத்து. தப்பின் வாசனையே அதில் இல்லை. அந்தப் பிரிண்ட்டை வைத்துக்கொண்டு மாமியார் பக்கத்தில் நாலில் ஒரு பங்கு கேட்கத் தொடங்கிவிட்டார்கள், இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

வீட்டுக்கு வந்ததும் நானே ஆங்கிலத்தில், தென்னாப்பிரிக்கா என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். இந்த முறை சட்டம் சரியாக வந்தது, உயிலில்லாமல் இறந்தவரின் சொத்தைப் பற்றிய 1987-ம் வருட 81-ம் எண் சட்டம். ஆனால் பதியாத இந்துக் கல்யாணம் சட்டப்படி கல்யாணமில்லை, ஆகவே அந்தப் பெண் மனைவியாக வாரிசு ஆகமாட்டார் என்று முடித்துவிட்டது. படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கோவெந்தர் எதிர் ராகவய்யா என்று நம் டர்பன் நீதிமன்றத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது, எஸ்.ஏ. தொகுப்பில் 2009-ம் வருட மூன்றாம் தொகுதி, 178-ம் பக்கம். இந்து முறைப்படி மட்டும் கல்யாணம் செய்த ஒரு பெண், உயிலில்லாமல் இறந்த கணவன், சொத்தைக் கேட்ட கணவனின் பெற்றோர். ஒருவனுக்கு ஒருத்தி என்று நடந்த இந்துக் கல்யாணத்தின் மனைவியும் அந்தச் சட்டத்தில் வரும் "ஸ்பவுஸ்" (வாழ்க்கைத் துணை) என்ற சொல்லுக்குள் அடக்கம் என்று நீதிமன்றம் சொன்னது. சட்டத்தை மட்டும் வாசித்தால் இது தெரியாது. நம் ஜனங்களுக்காகவே எழுதியது போன்ற தீர்ப்பு, அதைத்தான் எந்திரம் விட்டுவிட்டது.

இல்லாத வழக்கைச் சொல்வதைப் பற்றியே இத்தனை நாளாகப் பேசினோம். இருக்கும் வழக்கைச் சொல்லாமல் விடுவது அதைவிடச் சத்தமில்லாத தப்பு. சாஃப்லீயில் தேடினால் இது பிடிபடாது, ஏனென்றால் எதைத் தேடவேண்டும் என்றே தெரியாது.

27 ஜூலை

நேற்றுப் படித்துவிட்டுப் பங்கு எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு ஒரு பிள்ளைப் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது பெரிதோ அது. மீதி பிள்ளைகளுக்கு. பெற்றோருக்கு அந்த நிலையில் பங்கு வராது. மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்கு உட்பட்டால் இறந்தவர்களின் சொத்து விவகாரத்தைப் பார்க்கும் மாஸ்டர் அலுவலகத்தில் லெட்டர்ஸ் ஆஃப் அத்தாரிட்டி (அனுமதிக் கடிதம்) போதும், மேலே போனால் எக்ஸிக்யூட்டர் (சொத்தை நிர்வகிப்பவர்) வேண்டும். நான் சொன்னேன் என்பதற்காக இதையும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் காகிதங்களோடு ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.

அந்த அம்மா செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு வருகிறார். மாமியாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

9 ஆகஸ்ட், தென்னாப்பிரிக்கப் பெண்கள் தினம்

இந்த நாளில் நவி பிள்ளை அம்மாவை நினைக்காமல் இருக்கமாட்டேன். க்ளேர்வுட்டில் ஒரு பஸ் ஓட்டுநரின் மகள். எந்த அலுவலகமும் வேலை தராத காலத்தில், 1967-ல், தானே கதவில் பெயர்ப்பலகை மாட்டினார், நேட்டாலில் வெள்ளையரல்லாத பெண்களில் முதலாவதாக. வக்கீலாக இருந்தும் நீதிபதியின் அறைக்குள் நுழைய அனுமதி கிடையாது. 1995-ல் தானே உயர் நீதிமன்ற நீதிபதியாகத்தான் அந்த அறைக்குள் போனார். நம்மவர்களில் ஒரு பெயர் கதவில் ஏற அவ்வளவு பாடு.

இன்றைக்குச் சொல்ல வந்தது என் அலுவலகத்தில் நடந்தது. ஒரு இளம்பெண், ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருடம், பாதுகாப்பு உத்தரவு கேட்டு வந்தாள். ஆங்கிலம் கொஞ்சம்தான். தமிழில் சொன்னதை நான் தமிழிலேயே தட்டச்சு செய்துகொண்டேன். அன்றைக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள். சரி, நேரம் மிச்சமாகட்டும் என்று அந்தத் தமிழை ஏஐ-யிடம் கொடுத்து ஆங்கில அஃபிடவிட்டாக்கச் சொன்னேன். நல்ல ஆங்கிலம், பத்தி எண்களோடு.

அவள் சொன்னது: "அவங்க அடிச்சாங்க, அவங்கதான் கதவைப் பூட்டினாங்க, வீட்டுக்காரர் பார்த்துக்கிட்டு நின்னார்." அவங்க என்றது மாமியாரை. அடித்தவரைக்கூட நம் பெண்கள் மரியாதையோடுதான் சொல்வார்கள். எந்திரம் அதைப் பன்மையாக்கிவிட்டது, பல பேர் சேர்ந்து அடித்ததாகவும் பல பேர் சேர்ந்து பூட்டியதாகவும் வந்தது. வீட்டுக்காரர் என்பது வீட்டுச் சொந்தக்காரர் ஆகிவிட்டார், அதாவது வாடகைக்கு விட்டவர் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதாக. கணவன் அந்தப் பத்தியிலேயே இல்லை!

அந்தத் தாளோடு அவள் மாஜிஸ்திரேட் முன்னால் நின்றிருந்தால்? "பல பேர் என்கிறாயே, யார் யார்?" என்று எதிர்ப்பக்கம் கேட்கும். "ஒருத்தர்தான்" என்று அவள் உண்மையைச் சொல்வாள், அந்த உண்மையாலேயே பொய்க்காரி ஆவாள். காயம் அவள் உடம்பில், முரண்பாடு எந்திரத்தின் இலக்கணத்தில்.

பிழைத்தது ஒரு பழக்கத்தால். சத்தியப் பிரமாணம் வாங்கும்போது கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் கேட்கும் முதல் கேள்வி, இதில் உள்ளது உனக்குத் தெரியுமா, புரிகிறதா என்பது. அதை நான் வாய்வார்த்தையாக விடுவதில்லை, கையெழுத்துக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டுவேன். "பல பேர் சேர்ந்து அடித்தார்கள் என்று போட்டிருக்கிறேன்" என்றதும் அவள் நிமிர்ந்து, "இல்லக்கா, அத்தை மட்டும்தான்" என்றாள்.

கை நடுங்கிவிட்டது எனக்கு. முழுவதையும் கிழித்துப் போட்டு நானே எழுதினேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. காத்திருந்த மூன்று பேரில் ஒருவர் எழுந்து போய்விட்டார், போகட்டும்.

9 ஆகஸ்ட், இரவு

இது விட்டுப்போயிற்று. இந்த டர்பனில் காந்தி வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தபோது பாலசுந்தரம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி வந்து நின்றார். கிழிந்த சட்டை, கையில் தலைப்பாகை, முன்பல் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். முதலாளி அடித்திருந்தார். காந்திக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் குமாஸ்தாவாக இருந்த ஒரு தமிழர்தான் நடந்தது அத்தனையையும் கேட்டுச் சொன்னார். முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ், அப்புறம் நேராக மாஜிஸ்திரேட்டிடம், அங்கே பாலசுந்தரத்தின் அஃபிடவிட்.

வரலாற்றில் காந்தி பெயரும் பாலசுந்தரம் பெயரும் நிற்கின்றன. நான் அந்தக் குமாஸ்தாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லியிருந்தால் காந்தி எழுதியதும் தப்பாகியிருக்கும். அவர் பாலசுந்தரத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். புரியாவிட்டால் "யார் அடிச்சா?" என்று திரும்பக் கேட்க முடிந்தது. எந்திரம் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

10 ஆகஸ்ட்

"அந்தப் பெண் சொன்ன அந்தரங்கத்தை ஏஐ-யில் போட உங்களுக்கு என்ன உரிமை?" என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. பெயரை எடுத்துவிட்டுத்தான் போட்டேன் என்று பதில் எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன். பெயரை எடுத்தேன், தெருப் பெயர் உள்ளே இருந்தது. மாமியார் வேலை பார்க்கும் இடம் இருந்தது. சாட்ஸ்வர்த்தில் அது போதும் ஆளைச் சொல்ல.

கட்சிக்காரர் நம்மிடம் சொல்வது நம்மோடு நிற்க வேண்டும், இது தொழிலின் அடித்தளம். அதற்கு மேல் போப்பியா என்ற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2013-ல் வந்து 2021 ஜூலை முதல் முழுப் பிடியோடு நடப்பது. தனிப்பட்ட தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு அதன் 72-ம் பிரிவு நிபந்தனை போடுகிறது. இலவச ஏஐ-யில் நாம் ஒட்டும் பத்தி எந்த நாட்டு சர்வரில் போய் உட்காருகிறது, அதை வைத்து அடுத்த எந்திரத்துக்குப் பயிற்சி கொடுப்பார்களா என்பதெல்லாம் ஒப்பந்தத்தைப் படித்தால்தான் தெரியும். நான் படித்திருக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா" என்றாள். அவள் பரவாயில்லை என்றதால் அது பரவாயில்லை ஆகிவிடாது.

அன்றிலிருந்து அலுவலகத்தில் கட்சிக்காரரின் வாக்குமூலம், மருத்துவச் சான்று, வங்கிக் காகிதம் எதுவும் எந்த இலவசக் கருவிக்குள்ளும் போவதில்லை. கட்டணம் கட்டி, தகவலைப் பயிற்சிக்கு எடுக்கமாட்டோம் என்று எழுதித் தரும் கருவியானாலும் முதலில் கட்சிக்காரரிடம் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

23 ஆகஸ்ட்

மேலே ஜூலை 13-ல் "ஏஐ பக்கமே போகாதீர்கள்" என்று எழுதியிருக்கிறேன். அதை மாற்றிக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் அது எனக்கு வசதியான அறிவுரை, உங்களுக்கு உதவாது. நாளைக்கு நீங்கள் போகும் ஒவ்வொரு அலுவலகத்திலும் இது இருக்கப்போகிறது. பிடிக்கத் தெரியாமல் கத்தியைக் கையில் வாங்குவதுதான் ஆபத்து.

நான் எதற்குப் பயன்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். எனக்குப் பதில் தெரிந்த இடத்தில், அல்லது பதிலை ஐந்து நிமிடத்தில் நானே சரிபார்க்க முடிந்த இடத்தில். என் ஆங்கிலக் கடிதத்தின் சுருதி கடுமையாக இருக்கிறதா என்று பார்க்க, தேதிகளை வரிசைப்படுத்த. ஒரு வழக்கில் முந்நூறு பக்கக் காகிதம், இரண்டு நிறுவனங்களுக்கு இடையே வெறும் பில்லும் மின்னஞ்சலும், கட்சிக்காரர் சம்மதத்தோடு கொடுத்தேன், கால வரிசைப் பட்டியல் போட்டது. ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் கேட்டேன், ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தேதி நாளும் மாதமும் இடம் மாறியிருந்தது. அப்படியும் ஒரு நாள் வேலை மிச்சம். இன்னொன்று, என் வாதத்தை எழுதி முடித்தபின் "எதிர்ப்பக்கமாக இருந்தால் என்ன கேட்பாய்?" என்று கேட்பது. தனியாக அலுவலகம் நடத்துபவளுக்கு எதிரில் உட்கார்ந்து மல்லுக்கட்ட ஆள் கிடைப்பது லேசில்லை, இது எனக்கு உண்மையாகவே உதவுகிறது.

வக்கீலுக்குக் காசில்லாத ஜனங்களையும் மறக்கக்கூடாது. சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை, வக்கீலுக்கே அனுமதியில்லை. டெபாசிட்டைத் திருப்பித் தராத ஒருவருக்கு எதிராக ஒரு பெரியவர் ஏஐ-யை வைத்துக் கேட்புக் கடிதம் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். வழக்கு எண் ஒன்றுமில்லை, சட்ட வசனம் ஒன்றுமில்லை, தேதி, தொகை, எந்த நாளுக்குள் தரவேண்டும், அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை மாற்றவில்லை. பணம் வந்துவிட்டதாம். அவரிடம் போய் இதைத் தொடாதே என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

24 ஆகஸ்ட்

"அப்படியானால் எவ்வளவு நேரத்துக்கு பில் போடுகிறீர்கள்?" என்று கேட்டவருக்கு: உட்கார்ந்த நேரத்துக்கு. எந்திரம் ஒரு நாளை மிச்சம் பிடித்தால் அது கட்சிக்காரருக்கு மிச்சம். இதில் நான் யாரோடும் வாதாடத் தயாரில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

புரட்டாசி விரதம், வீட்டில் அமைதி, ரொம்ப நாள் கழித்து இங்கே வருகிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

அந்த மூன்று வழக்கையும் வெட்டிவிட்டார். ஐந்தோடு திங்கள் காலை போனார், பிரின்சிபல் முகம் சுளித்தார், ஆனால் தாக்கல் ஆனது. வாதம் இந்த மாதம் நடந்தது. அந்த ஐந்தில் நான்காவது வழக்கை எடுத்து நீதிபதி கேட்டாராம்: "நீங்கள் காட்டும் பத்தி சரி. மூன்று பத்தி தள்ளி என்ன சொல்லியிருக்கிறது, படித்தீர்களா?" மூன்று பத்தி தள்ளி, அவர்கள் கட்சிக்கு நேர் எதிராக இருந்தது. எந்திரம் ஒரு பத்தியை மட்டும் பிய்த்துக் கொடுத்திருந்தது. தம்பி சாஃப்லீயில் வழக்கு இருப்பதைப் பார்த்தார், திறந்து அந்தப் பத்தியையும் பார்த்தார், அதோடு மூடிவிட்டார். எழுந்து நின்ற அட்வகேட் மட்டும் முதல் நாள் ராத்திரி முழுத் தீர்ப்பையும் படித்துவிட்டு வந்திருக்கிறார். நமக்குப் பாதகமான தீர்ப்பையும் நீதிமன்றத்துக்குக் காட்டுவது கடமை என்பதால் அந்தப் பத்தியைத் தானே எடுத்துச் சொல்லத் தயாராக இருந்தாராம். அதனால் பிழைத்தார்கள்.

இதில் என் பங்கும் உண்டு. ஜூலையில் நான் "கிடைக்காத மூன்றை வெட்டுங்கள்" என்று சொன்னேன். கிடைத்த ஐந்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படியுங்கள் என்று சொல்லவில்லை. மாவுண்ட்லா தீர்ப்பின் வேகத்தில் இருந்தேன், இல்லாத வழக்கு என்ற ஒரே பயம்தான் மனதில். இருக்கும் வழக்கை அரைகுறையாகப் படிப்பது ஏஐ வருவதற்கு முன்பிருந்தே நம் தொழிலில் இருக்கும் நோய், நானும் செய்திருக்கிறேன். எந்திரம் அதை இன்னும் சுலபமாக்கிவிட்டது, அவ்வளவுதான்.

தம்பி இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாராம். ஹெட்ஸில் போகும் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம்: யார் யார் மேல் போட்டது, என்ன நடந்தது, நீதிமன்றம் என்ன சொன்னது, நமக்கு எதிராக அதில் என்ன இருக்கிறது, தன் கையெழுத்தில், தன் வார்த்தையில். கடைசிக் கேள்விக்கு எழுத ஒன்றுமில்லை என்றால் இன்னும் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறாராம். அந்தக் கடைசிக் கேள்வியை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன், நாளையிலிருந்து என் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஸ் செய்யும் பெண்ணுக்கும் எனக்கும் ஆளுக்கொரு நோட்டு.

கூழ் ஊற்றிய கோயிலில் பார்த்த அம்மாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: அவரும் அவர் மாமியாரும் அன்று செவ்வாய்க்கிழமை சேர்ந்தேதான் வந்தார்கள். கோவெந்தர் தீர்ப்பை இருவருக்கும் தமிழில் வாசித்துச் சொன்னேன். மாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணும் தாலி மட்டும்தான் கட்டியிருந்தாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாஸ்டர் அலுவலகக் காகிதம் போயிருக்கிறது, பதில் வரவில்லை இன்னும்.